முதல்வரின் முகமும் ஒரு தேடல் பெட்டியும்

1. பிஸ்கட் தட்டு

"யாருமே தொறந்து பாக்காத டேட்டாபேஸுக்கு எதுக்கு மேடம் வருஷா வருஷம் சந்தா கட்டணும்?"

நூலகக் குழுக் கூட்டத்தில் முதல்வர் இப்படிக் கேட்டபோது நான் பிஸ்கட்டை டீயில் முக்கியிருந்தேன். பதில் சொல்வதா, பிஸ்கட்டைக் காப்பாற்றுவதா என்று யோசிப்பதற்குள் அது உள்ளே விழுந்து கரைந்துவிட்டது. கூட்டத்தின் போக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

பூந்தமல்லி தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கல்லூரியின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் மறுப்பு வரும். மறுப்பு வந்தால் அதற்கு நான் விளக்கம் எழுத வேண்டும். ஓய்வு பெற்றதே விளக்கம் எழுதாமல் இருப்பதற்குத்தான். நூலகத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படுமே என்று, என் கடைசி ஆண்டில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

டேட்டாபேஸ் என்று நாங்கள் சொல்வது ஆராய்ச்சிக் கட்டுரைகளின் இணையக் கிடங்கு. கல்லூரி சந்தா கட்டும். மாணவர்கள் கட்டுரைகளை முழுமையாக எடுத்துப் படிக்கலாம். இறுதியாண்டில் ப்ராஜெக்ட் செய்யும் மாணவருக்கு அதுதான் சோறு. எங்கள் கல்லூரியில் அந்தச் சோற்றை யாரும் தொடவில்லை என்று சந்தா வாங்கும் நிறுவனங்களே அனுப்பிய பயன்பாட்டு அறிக்கை சொன்னது.

முதல்வர் அந்த அறிக்கையை விசிறிபோல் பிடித்துக்கொண்டிருந்தார். வேறொரு கல்லூரியில் 'சிந்தனைக் கூடம்' ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. தரையில் மூட்டை மூட்டையாக மெத்தை கிடக்கும். மாணவர்கள் அதில் சாய்ந்தபடி சிந்திப்பார்கள். சந்தாவை நிறுத்தினால் நம் கல்லூரியிலும் மூட்டை வாங்கிவிடலாம் என்பது அவர் திட்டம். எங்கள் மாணவர்கள் மர பெஞ்சிலேயே நன்றாகத் தூங்குபவர்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

"நம்ம பசங்களுக்குப் படிக்கிற பழக்கம் இல்லன்னும் சொல்ல முடியாது மேடம்," என்றார் முதல்வர். "லைப்ரரி வெப்சைட்ல எந்தப் பேஜுக்கு அதிக விசிட் தெரியுமா? 'முதல்வரின் செய்தி'. நல்ல விஷயத்த நல்ல இங்கிலீஷ்ல குடுத்தா பசங்க தேடி வந்து படிக்கிறாங்க."

இது உண்மை. எங்கள் சிஸ்டம் அட்மின் யூசுஃப் மாதாமாதம் எடுத்துக் கொடுக்கும் பட்டியலில் முதலிடம் எப்போதும் 'முதல்வரின் செய்தி'க்குத்தான். அது எனக்கு நெடுநாள் புரியாத அதிசயம். அந்தச் செய்தியை நானும் ஒருமுறை படித்திருக்கிறேன். ஒருமுறை போதும்.

மெக்கானிக்கல் துறைத் தலைவர் நல்லவர். யாருக்கும் வருத்தம் வராமல் வழி சொல்பவர். "இதுக்கு ஏன் சார் இவ்ளோ டிஸ்கஷன்? இன்ஸ்பெக்‌ஷன் டைம்ல செய்யுறதுதானே. ஃபர்ஸ்ட் இயர் பசங்கள லேபுக்குக் கூட்டிட்டு வருவோம். ஆளாளுக்குத் தொறந்து தொறந்து மூடட்டும். நம்பர் ஏறிடும்."

"ஏறாது சார்," என்றேன். "அந்த ரிப்போர்ட் கை கழுவ வந்தவனையும் சாப்பிட வந்தவனையும் தனித்தனியா எண்ணும்."

நூலகக் குழுவில் மாணவர் பிரதிநிதி என்று ஒருவர் உண்டு. கூட்டத்தில் அவர் செய்ய வேண்டியவை இரண்டு: பிஸ்கட் எடுத்துக்கொள்வது, கையெழுத்துப் போடுவது. அந்த ஆண்டு பிரதிநிதி ஷர்மிளா. மின்னியல் இறுதியாண்டு, ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வரும் பெண். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி ஏன் சூடாகிறது என்பது அவளுடைய ப்ராஜெக்ட்.

"நீ டேட்டாபேஸ் யூஸ் பண்றியாம்மா?" என்று முதல்வர் அவளைக் கேட்டார்.

ஷர்மிளா பிஸ்கட்டை விழுங்கினாள். "எஸ் சார். வெரி யூஸ்ஃபுல் சார்."

"பாத்தீங்களா மேடம், ஒரே ஒரு பொண்ணு," என்றார் முதல்வர்.

சந்தா அன்றைக்கே போயிருக்கும். ஆனால் நூலகக் குழு தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதிமுறைகளில், எந்தச் சேவையை நிறுத்துவதானாலும் முதலில் பயன்படுத்துவோர் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அதை நான் மெதுவாகச் சொன்னேன். விதிமுறையை எதிர்ப்பது சிரமம். அதைத் தேடிப் படித்துப் பார்ப்பது அதைவிடச் சிரமம். எனவே முடிவைப் பருவத்தின் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அதற்குள் மாணவர்கள் கட்டுரைகளை எடுத்துப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை.

2. சமையல்காரர்களின் பெயர்ப் பட்டியல்

யூசுஃபும் நானும் எங்கள் வெப் பேஜின் முன்னால் உட்கார்ந்தோம். யூசுஃப் பூந்தமல்லிக்காரர். அப்பாவுக்கு அங்கே பாத்திரக்கடை. வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் கண் எங்கே போகிறது என்று பார்த்துப் பழகிய குடும்பம்.

அந்தப் பேஜ் மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது என்று யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆய்வுக் குழு வந்தால் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. மேலே முதல்வரின் படம். அதன் கீழ் தொலைநோக்கு. அதன் கீழ் குறிக்கோள். இரண்டுக்கும் வித்தியாசம் எழுதியவருக்கும் தெரியாது. பிறகு ரயில்பெட்டிபோல் இடதுபுறம் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வரி. அதையெல்லாம் கடந்தால் 'மின்-வளங்கள்'. அதைத் திறந்தால் 'கூட்டமைப்பு வழிச் சந்தாக்கள்'. அதையும் திறந்தால் பதிப்பகங்களின் பெயர்கள், அகர வரிசையில்.

பேட்டரி ஏன் சூடாகிறது என்று தெரிய வேண்டிய பெண்ணுக்கு, அதை எந்தப் பதிப்பகம் சொல்லும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஹோட்டலில் இட்லி, தோசை என்று எழுதாமல், மாஸ்டர் நாகராஜ், மாஸ்டர் பாண்டி என்று சமையல்காரர்களின் பெயரைப் பலகையில் எழுதி வைத்த கதைதான்.

வீட்டிலிருந்தும் கட்டுரைகளைப் படிக்கலாம். அதற்கும் ஒரு லிங்க் இருந்தது. அதன் பெயர் 'ரிமோட் ஆதென்டிகேஷன் கேட்வே'. ஏதோ ராணுவத் தளவாடம் உள்ளே போகும் வழி என்று ஆவடிப் பிள்ளைகள் ஒதுங்கிப் போயிருந்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

"மேம், நாம ரெண்டு பேரும் இதப் பாத்துப் பாத்துப் பழகிட்டோம்," என்றார் யூசுஃப். "பசங்கள உக்கார வெச்சு ஒரு வேலை குடுப்போம். 'உன் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பேப்பர் எடு'ன்னு சொல்லிட்டு, நாம வாயே தொறக்கக் கூடாது. எங்க தடுமாறுறாங்கன்னு மட்டும் பாக்கணும்."

நல்ல முறை. படிக்கும் காலத்தில் நானும் கேள்விப்பட்டதுதான். மறுநாளே நூலகத்தில் சில மாணவர்களைப் பிடித்து உட்கார வைத்தோம்.

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "சூப்பரா இருக்கு மேம்." "ஈஸியா இருக்கு மேம்." "கலர் நல்லா இருக்கு மேம்." ஒருவன் எதையும் தொடாமலேயே "வெரி யூஸர் ஃப்ரெண்ட்லி மேம்" என்றான்.

காரணத்தை யூசுஃப்தான் சொன்னார். "அவங்களுக்கு நோ டியூ ஃபார்ம்ல கையெழுத்துப் போடுறது யாரு? நீங்க. நீங்க போடலன்னா ஹால் டிக்கெட் கெடைக்காது. நீங்க பக்கத்துல உக்காந்தா, கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிருந்தாலும் சூப்பர்னுதான் சொல்லுவான்."

கூட்டத்தில் ஷர்மிளா சொன்ன 'வெரி யூஸ்ஃபுல்' அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் மாணவர்கள் நூலகத்தில் இருப்பதே இல்லை. கடைசி மணி அடித்ததும் கல்லூரிப் பேருந்துகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். தவறவிட்டால் நெடுஞ்சாலையில் நின்று கை நீட்ட வேண்டும். வகுப்பு நடக்கும்போது நூலகம் திறந்திருக்கும்; வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் பேருந்தில் இருப்பார்கள். நாங்கள் நாள் முழுக்கக் காலி நாற்காலிகளுக்குச் சேவை செய்துகொண்டிருந்தோம்.

அப்படியானால் பேருந்தில்தான் பார்க்க வேண்டும்.

3. கடைசி வரிசை

கள்ளிக்குப்பத்தில் என் வீடு. சென்னீர்குப்பம், ஆவடி, அம்பத்தூர் வழியாகப் போகும் கல்லூரிப் பேருந்தில்தான் தினமும் போய் வருவேன். அதில் உட்காரும் முறை எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும். முதல் வரிசை ஆசிரியர்களுக்கு. அதன் பின்னால் பெண்கள். அதன் பின்னால் ஆண்கள். கடைசி வரிசை இறுதியாண்டு மாணவர்களின் சுயாட்சிப் பகுதி.

அன்று நான் முதல் வரிசையைக் கடந்து நடந்தேன். ஓட்டுநர் ஏழுமலை கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னா மேடம், பின்னாடி போய்கினே கீறீங்க? பின் சீட்டு தூக்கித் தூக்கிப் போடும். பருத்திப்பட்டு பள்ளத்துல முதுகு பூடும், சொல்ட்டேன்."

"பரவாயில்லப்பா. ஒரு வேலை இருக்கு."

"பசங்க இன்னா பண்ணாங்க? பேர மட்டும் சொல்லுங்க."

"ஒன்னும் பண்ணல. அதான் பிரச்சனை."

கடைசி வரிசை என்னைப் பார்த்து எழுந்து நின்றது. பேருந்து நகர்ந்ததும் ஒருவர் மேல் ஒருவராக உட்கார்ந்தது. அதன் தலைவன் அம்பத்தூர் சதீஷ், சிவில் இறுதியாண்டு. அவன் காதிலிருந்து பாட்டை உருவினான். பெண்கள் வரிசையிலிருந்து ஷர்மிளாவையும் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தேன்.

"முதல்ல ஒன்னு சொல்றேன்," என்றேன். "உங்க எல்லாருக்கும் நோ டியூல இப்பவே கையெழுத்துப் போட்டாச்சுன்னு வெச்சுக்குங்க. இனிமே நீங்க என்ன சொன்னாலும் என்னால ஒன்னும் பண்ண முடியாது."

சதீஷ் சந்தேகமாகப் பார்த்தான். "ஃபைன் கூடவா மேம்?"

"ஃபைன் தனி."

"அதான பாத்தேன்."

சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் பயம் இறங்கிவிடும். லைப்ரரி பேஜை அவரவர் ஃபோனில் திறந்து, ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கட்டுரை எடுக்கச் சொன்னேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறரை வாயை மூடச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள். நானே மூடிக்கொள்வது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது.

பேஜ் திறந்தது. சதீஷின் ஃபோன் முழுவதும் முதல்வர்.

இதை நாங்கள் யாருமே பார்த்ததில்லை. அலுவலகக் கணினியில் அந்தப் படம் ஓரமாக, அடக்கமாக இருக்கும். பேஜுக்கு ஒப்புதல் கொடுத்த குழு அதைக் கணினியில்தான் பார்த்தது. நானும் யூசுஃபும் அப்படியே. ஃபோனில் அது நெற்றி முதல் டை வரை விரிந்து, மற்ற எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டிருந்தது. கீழே ஏதாவது இருக்கிறது என்பதற்கு ஒரு அறிகுறியும் இல்லை.

"டேய் மச்சான், இன்னாடா இது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாரி கீது," என்றான் சதீஷ். பிறகுதான் நான் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. "ஐயோ, சாரி மேம்! சார் நல்லா இருக்கணும் மேம். நூறு வருஷம்."

நான் பேசவில்லை. விதிமுறை.

அவன் கட்டைவிரல் முதல்வரின் நெற்றியைத் தொட்டது. 'முதல்வரின் செய்தி' திறந்தது. "உலகமயமாதலின் இவ்வேளையில்" என்று ஆங்கிலத்தில் தொடங்கும் அந்த நீண்ட கட்டுரை. சதீஷ் பின்னால் போனான். மறுபடியும் முதல்வர். இந்த முறை மூக்கைத் தொட்டான். மறுபடியும் செய்தி.

"சுத்தி சுத்தி சார்கிட்டயே வந்து நிக்கிறோம் மேம். இது ஏதோ ஏழரை மாரி கீது."

"நீ ஏன்டா அவரயே தொடுற?" என்றாள் ஷர்மிளா.

"வேற இன்னா கீது தொட? பிரியாணி ஆர்டர் பண்ணச் சொல்லோ பிரியாணி படத்தத்தான தொடுவோம். பெருசா எது கீதோ அதத்தான் தொடணும்."

"நீ என்ன செய்யுறே?" என்று நான் ஷர்மிளாவைக் கேட்டேன். கேட்கக் கூடாதுதான். விரல் தானாக நீண்டுவிட்டது; வாயும் கூடவே போய்விட்டது.

அவள் ஃபோனைக் காட்டினாள். அதிலும் செய்தி. வரிசை முழுக்கப் பார்த்தேன். எல்லார் ஃபோனிலும் உலகமயமாதலின் இவ்வேளை.

'முதல்வரின் செய்தி' எப்படி முதலிடம் பிடித்தது என்ற அதிசயம் பருத்திப்பட்டுப் பள்ளத்தில் அவிழ்ந்தது. பேருந்து எங்களைத் தூக்கிப் போட்டது. நான் சிரித்தது அந்தக் குலுக்கலில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆவடி நெருங்கும்போது ஷர்மிளா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மேம், அன்னைக்கு மீட்டிங்ல நான் யூஸ்ஃபுல்னு சொன்னேன்ல? நான் ஒரு தடவகூட உள்ள போனதில்ல மேம். போன ரிவ்யூல என்னோட லிட்டரேச்சர் சர்வேய கைடு திருப்பிக் குடுத்துட்டாரு. எல்லாம் நெட்ல கண்ட எடத்துல எடுத்ததாம். நெசமான பேப்பர் கொண்டான்னாரு. எங்க இருக்குன்னே தெரியல. அடுத்த ரிவ்யூலயும் அப்படியே போனா ப்ராஜெக்ட்ட ஏத்துக்க மாட்டாங்க மேம்."

"அத மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே?"

"பிரின்சிபால் சார் கேக்கும்போது 'நோ சார்'னு யாராச்சும் சொல்லுவாங்களா மேம்?"

நானும் சொன்னதில்லை. எனவே மேற்கொண்டு கேட்கவில்லை.

4. கண்டெடுக்கப்பட்ட குடை

நடந்ததைச் சொன்னதும் யூசுஃப் ஃபோனைத் திறந்து முதல்வரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் கவலை வந்தது.

"படத்த எடுக்க முடியாது மேம். பேஜ்ல ஒரு புள்ளிய மாத்தணும்னாலும் வெப் கமிட்டி ஒப்புதல் வேணும். அது சூரிய கிரகணத்துக்கு ஒருக்காதான் கூடுது."

"பேஜ மாத்தணும்னாதான ஒப்புதல்?" என்றேன். "அறிவிப்புப் பகுதியில குடை கண்டெடுக்கப்பட்டதுன்னு போடுறோமே, அதுக்கு யார்கிட்ட கேக்குறோம்?"

"யார்கிட்டயும் இல்ல. அறிவிப்பு நூலகர் பொறுப்பு."

"நாளைக்கு ஒரு அறிவிப்புப் போடப்போறேன்."

யூசுஃப் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "மேம், நீங்க ரிட்டையர் ஆகப்போறீங்க. எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு."

"குடை போட்டவங்க யாரையாவது வேலைய விட்டு எடுத்திருக்காங்களா?"

அறிவிப்பு என்ற பெயரில் ஒரு தனிப் பேஜ் செய்தோம். மேலே ஒரு கேள்வி: 'எதைப் பற்றித் தேடுறீங்க?' அதன் கீழ் ஒரு பெட்டி. பெட்டியில் எழுதினால் சந்தா கட்டிய எல்லாக் கிடங்கிலும் ஒன்றாகத் தேடும்; பதிப்பகத்தின் பெயர் யாருக்கும் தெரிய வேண்டாம். கீழே ஒரு பட்டன்: 'வீட்டிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ திறக்க'. ரிமோட் ஆதென்டிகேஷன் கேட்வேதான் அது. வேட்டியை அவிழ்த்து லுங்கி கட்டிவிட்டிருந்தோம்.

பெட்டிக்கு மேல் நான் ஒரு விளக்கப் பத்தி எழுதியிருந்தேன். பிழையில்லாத தமிழ். அதில் அழகான ஒரு 'எனினும்' கூட இருந்தது. மறுநாள் பேருந்தில் ஷர்மிளாவின் கட்டைவிரல் அதன் மேல் சறுக்கிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்தேன். சதீஷ் அதைத் தொட்டுப் பார்த்து, "இது ஓப்பன் ஆவலியே மேம்" என்றான். பத்தியை நீக்கச் சொன்னேன். யூசுஃப் அவ்வளவு மகிழ்ச்சியோடு வேறெதையும் நீக்கி நான் பார்த்ததில்லை.

இப்படியே பேருந்தில் காட்டுவதும், தடுமாறும் இடத்தைத் திருத்துவதுமாகப் போனது. ஏழுமலைக்கும் ஆர்வம் வந்துவிட்டது. "மேடம், இன்னிக்கு இன்னா, பாஸா ஃபெயிலா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்பார்.

ஒரு மாலை, சென்னீர்குப்பம் சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது ஷர்மிளா 'பேட்டரி வெப்பம்' என்று ஆங்கிலத்தில் தட்டினாள். கட்டுரைகள் வந்து விழுந்தன. ஒன்றைத் திறந்தாள். முழுமையாகத் திறந்தது. பச்சை விழுந்து, பேருந்து கிளம்பி, ஆவடி வந்து, அவள் இறங்க வேண்டிய நிறுத்தமும் வந்தது. அவள் தலை நிமிரவில்லை.

"யம்மா, பேட்டரி! எறங்கு!" என்று சதீஷ் கத்தினான். "ஊடு வந்துருச்சு."

அந்த வாரமே லிங்க் வகுப்புக் குழுக்களில் பரவிவிட்டது. நாங்கள் ஒரு சுற்றறிக்கைகூட அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

5. உலகமயமாதலின் இவ்வேளையில்

பருவத்தின் கடைசிக் கூட்டம். அதே மேஜை, அதே பிஸ்கட். ஷர்மிளா என் எதிரில். யூசுஃப் புரொஜெக்டர் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம்.

புதிய பயன்பாட்டு அறிக்கையை முதல்வர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கட்டுரைகள் திறக்கப்பட்டிருந்தன, இறக்கிப் படிக்கப்பட்டிருந்தன.

"ஃபர்ஸ்ட் இயர விட்டுக் கிளிக் பண்ண வெச்சீங்களா மேடம்?"

"நேரத்தப் பாருங்க சார். சாயங்காலம் காலேஜ் பஸ் ஓடுற நேரத்துலதான் மேடு மேடா ஏறியிருக்கு. அப்ப லேப் பூட்டியிருக்கும்."

அவர் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "எந்தப் பேஜ் வழியா வந்திருக்காங்க? இது என்ன, 'அறிவிப்பு'ன்னு இருக்கு?"

யூசுஃப் கதவை இன்னும் கொஞ்சம் நெருங்கினார்.

"ஒரு அறிவிப்புப் போட்டேன் சார்."

அவர் அதைத் திறந்தார். முகம் மாறியது. "இது அறிவிப்பா? தனி பேஜே பண்ணியிருக்கீங்க! கமிட்டி அப்ரூவல் எங்க? நம்ம மெயின் பேஜ்லயே எல்லாம் இருக்கே, எதுக்கு இது? இத இன்னைக்கே எடுத்துடுங்க. சந்தாவப் பத்தி அப்புறம் பேசுவோம்."

'அப்புறம் பேசுவோம்' என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஷர்மிளா கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள். அவளுடைய ரிவ்யூவுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

"எடுத்துடலாம் சார்," என்றேன். "அதுக்கு முன்னாடி பயன்படுத்துவோர் கருத்து பதிவு பண்ணணும். விதிமுறை. நீங்களும் ஒரு பயனாளர்தான். உங்க ஃபோன்ல மெயின் பேஜத் தொறந்து, பேட்டரி பத்தி ஒரே ஒரு பேப்பர் எடுத்துக் காட்டுங்க. நான் எழுதிக்கிறேன்."

"இதென்ன பெரிய விஷயம்?" என்று ஃபோனை எடுத்தார்.

பேஜ் திறந்தது. முதல்வர் முதல்வரைப் பார்த்தார். ஒரு கணம் இருவருக்கும் மகிழ்ச்சி. பிறகு அவர் கட்டைவிரல் நீண்டு, தன் நெற்றியையே தொட்டது.

செய்தி திறந்தது. முதல் பத்தியைப் படித்தார். இரண்டாம் பத்தியையும் படித்தார். பழைய நண்பரைப் பார்த்த முகம். பின்னால் போனார். மறுபடியும் தொட்டார். மெக்கானிக்கல் துறைத் தலைவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நெட் ஸ்லோவா இருக்கு," என்றார் முதல்வர்.

நான் வாயைத் திறக்கவில்லை. பேருந்தில் அந்தப் பயிற்சி எனக்கு நன்றாகக் கிடைத்திருந்தது.

"யூசுஃப், இது ஏன் இங்கயே வருது?"

யூசுஃபுக்குப் பதில் தெரியும். சொல்லும் தைரியம் இல்லை. அப்போது ஷர்மிளா வாயைத் திறந்தாள்.

"சார், எங்களுக்கும் அங்கயேதான் வரும் சார். நான் பேப்பர் தேடி உங்க மெசேஜத்தான் நெறைய தடவ தொறந்திருக்கேன். எல்லாருமே அப்படித்தான் சார்."

'எல்லாருமே' என்ற சொல் முதல்வரின் காது வழியாக இறங்கி, மாதாந்திரப் பட்டியலைத் தொட்டு, முதலிடத்தைத் தொட்டு, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அவர் முகத்தில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஷர்மிளாவும் பார்த்தாள். அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்திருக்கும்.

உண்மையைச் சொன்னவரைத் தனியாக விட்டுவிடக் கூடாது. அதற்கு இன்னொரு உண்மையைத் துணைக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் நல்ல உடை உடுத்தி.

"சார், பொண்ணு சரியாத்தான் சொல்றா," என்றேன். "பசங்க கை முதல்ல போறது உங்க முகத்துக்குத்தான். வேற எந்தக் காலேஜ்லயும் இப்படிப் பாத்திருக்க மாட்டீங்க. அந்தப் படத்த எடுக்கவே கூடாது சார்."

அவர் நிமிர்ந்தார். "எடுக்கணும்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார். படம் அங்கயே இருக்கட்டும். அதத் தொட்டா மெசேஜுக்குப் போறதுக்குப் பதிலா, நேரா இந்தத் தேடுற பெட்டிக்குப் போகட்டும். பசங்க படிக்கப் போறது உங்க வழியாத்தான்னு ஆயிடும். மெசேஜ் நிதானமாப் படிக்க வேண்டியது. அதுக்குத் தனி எடம் குடுத்துடலாம்."

முதல்வர் யோசித்தார்.

"ஃபோன்ல படம் எவ்ளோ பெருசா இருக்கும்?"

"ஃபோன் பூரா சார்."

"சின்னதாக்க மாட்டீங்களே?"

"கமிட்டி ஒப்புதல் இல்லாம ஒரு புள்ளியக்கூட மாத்த மாட்டோம் சார்."

அன்றே ஒப்புதல். அன்றே சந்தாவும் புதுப்பிக்கப்பட்டது. பெட்டி இருந்து கிடங்கு இல்லாவிட்டால் அவர் முகம் எங்கே திறக்கும்? கூட்டக் குறிப்பை எழுதும் வேலை எப்போதும் என்னுடையது. 'முதல்வர் அளித்த யோசனையின்படி' என்று தொடங்கினேன். அவர் அதைப் படித்துப் பார்த்து, ஒரு கமா மட்டும் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

6. புதியவர்களுக்கு

ஷர்மிளாவின் ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. கைடு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லையாம். இவ்வளவு பேப்பர் எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டாராம். "பிரின்சிபால் சார்கிட்டேருந்து" என்று சொல்லிவிட்டு, பேருந்தில் வந்து எங்களிடம் சிரித்தாள்.

கடைசி வரிசையில் இறுதியாண்டு மாணவர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடமும் காதில் விழுந்தது. "ரொம்ப யோசிக்காத. சார் மூஞ்சிய அமுக்கு, பேப்பர் வரும்." சதீஷின் குரல்தான். நான் முதல் வரிசைக்குத் திரும்பிவிட்டிருந்தேன். கேட்காததுபோல் இருப்பது முதல் வரிசையின் கடமை.

'முதல்வரின் செய்தி' மாதாந்திரப் பட்டியலில் எங்கே போனது என்று யூசுஃபுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பட்டியலை அதன் பிறகு யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுக்க வேண்டும் என்று எந்த விதிமுறையிலும் இல்லை. மூட்டைகளும் பிறகு வந்தன, வேறு ஏதோ நிதியில். மாணவர்கள் அதில் நன்றாகத் தூங்குகிறார்கள். சிலர் தூங்குவதற்கு முன் ஒரு கட்டுரை படிக்கிறார்கள்.

என் வழியனுப்பு விழாவில் முதல்வர், தன் யோசனையால் நூலகம் எப்படி மாறியது என்று விரிவாகப் பேசினார். நான் முதல் ஆளாகக் கைதட்டினேன்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். பேஜை உங்கள் மேஜையில் வைத்துப் பார்க்காதீர்கள். மாணவர் இருக்கும் இடத்தில், அவர் கையில் வைத்துப் பாருங்கள். பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் கதவு வைத்த இடத்துக்குக் கை போகாது. கை எங்கே போகிறதோ அங்கே கதவை வையுங்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவரை எழுப்பச் சண்டை போடாதீர்கள். அவரையே கதவாக்கிவிடுங்கள்.